படப்பிடிப்பும் பொறுப்பும்

போடிநாயக்கனூர் மலைச்சரிவுகளிலே படம் பிடிக்க வருவோரைப் பொட்டிபுரத்தார் அறிவர். நடிகரைக் காணக் கூட்டம் கூடும். விளக்கைச் சுமந்து மேடேறும் தொழிலாளியை எவரும் நோக்குவதில்லை. அவன் தவறி விழுந்தால் பொறுப்பு யாருடையது?

2020 பிப்ரவரி 19 அன்று, சென்னையை அடுத்த தளமொன்றில், ‘இந்தியன் 2’ படப்பிடிப்பின்போது பாரந்தூக்கி சரிந்து மூவர் மாண்டனர். நடிகர் கமல்ஹாசன் பாதுகாப்பைக் குறித்துத் தயாரிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். பொறுப்பு எல்லோருக்கும் உண்டென்று விடை வந்தது.

எல்லோருக்கும் உரியது ஒருவருக்கும் உரியதாகாமற் போவதுண்டு. இதனை உணர்ந்தே 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒரு நெறி வகுத்தது. வேலையின் காரணமாக, வேலையின்போது காயமுற்றவன் முதலாளியின் தவறை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. ஆளை அனுப்பியவர் ஒப்பந்தக்காரரே ஆயினும், தம் தொழிலின் பொருட்டு அவ்வேலையைச் செய்வித்தவரிடமே ஈடு கேட்கலாம். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இந்நெறியைக் கொண்டுள்ளது. ஏலத்தோட்டத் தொழிலாளிக்கும் இதுவே நெறி.

ஆனால், வேலை செய்தமைக்குச் சான்று வேண்டுமே! பதிவேட்டில் பெயரில்லாத பிள்ளையைத் தேர்வுக்கு அனுப்பத் தலைமையாசிரியனாகிய என்னால் இயன்றதில்லை. நாட்கூலிக்குச் செல்லும் இளைஞர்களே, மலையேறுமுன் உங்கள் பெயர் ஏட்டில் ஏறியதா என்று பாருங்கள்.