பானை ஓட்டில் உங்கள் பெயர்

நம் வீராம்பட்டினத்தை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் அகழாய்வு செய்தார். ரோமானிய மதுச்சாடிகளோடு, தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகளும் அங்கே கிடைத்துள்ளன. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருட்களைப் பார்க்கும் நம் பிள்ளைகள், வாசல் தாண்டியதும் மறந்துவிடுகிறார்கள். சிலர் மேட்டுக்கே போய் மணி பொறுக்குகிறார்கள். மண்ணைவிட்டு எடுத்த மணி எந்த அடுக்கில் கிடந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

நியூயார்க்கின் கூப்பர் ஹியூவிட் அருங்காட்சியகம் 2015-இல் பார்வையாளர் கையில் ஒரு மின்பேனா கொடுத்தது. பிடித்ததைச் சேமித்து வீட்டில் இணையத்தில் பார்க்க முடிந்தது. நமக்கு அவ்வளவு செலவு வேண்டாம். அடுத்த முறை போய்வந்ததும், புதுப் பானை ஓட்டில் பிள்ளைகள் தம் பெயரைத் தமிழ்ப் பிராமியில் ஆணியால் கீறட்டும். தன் பெயருள்ள ஓட்டை எந்தப் பிள்ளையும் தூக்கிப் போடாது. எழுத்து அட்டவணையை நான் அச்சிட்டுத் தருகிறேன். பானைச் செலவைச் சங்கம் ஏற்குமா என்று செயலாளர்தான் சொல்ல வேண்டும்.