ஒரே பக்கம் சாய வேண்டாம்

விடுமுறை வந்தால் தெங்கேரா குடும்பங்கள் படகேறி பூலாவ் பெசாருக்குச் செல்வதுண்டு. பயணம் சிறியதுதான்; கடல் சிறியதன்று.

தேக்கடியில் நடந்ததை மறக்கலாகாது. 2009 செப்டம்பர் 30ஆம் நாள் மாலை, பெரியாறு ஏரியில் 'ஜலகன்யகா' என்ற ஈரடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். புயல் காரணமன்று. கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டனர், படகு சாய்ந்தது.

மேல்தட்டில் ஆள் கூடக்கூடப் படகின் தள்ளாட்டம் கூடும். அந்த எடை ஒரு பக்கம் நகர்ந்தால், மீண்டும் நிமிர்வது கடினம்.

ஆகவே, எத்தனை பேருக்கு அனுமதி என்று ஏறும் முன்னரே கேளுங்கள். கூட்டம் மிகுந்தால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். பாதுகாப்பு அங்கியை மடியில் வைத்திருப்பதில் பயனில்லை. அணிந்து வாரை இறுக்குங்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் அளவு அங்கியே வேண்டும். பெரியவர் அங்கி தலைவழியே நழுவிவிடும். படம் பிடிக்க எழ வேண்டாம். வானம் இருண்டால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

"எனக்கு நீச்சல் தெரியும்" என்று அங்கியை ஒதுக்கும் இளைஞர்கள் உண்டு. தலையில் அடிபட்டு மயங்கியவருக்கு நீச்சல் கைகொடுக்காது. அங்கிதான் மிதக்க வைக்கும்.

போன அனைவரும் வீடு திரும்புவதே நல்ல உல்லாசப் பயணம்.