பாரிஸில் ஒரு கூழ்ப்பானை

தனியொருவர் சமைத்துத் தாமே உண்ணத்தக்க உணவுகள் பல. பாணும் சம்பலும் அத்தகையன. ஒடியற் கூழ் அத்தகையதன்று. யாழ்ப்பாணத்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஏனைய நேயர்களின் பொருட்டுச் சிறிது கூறுதல் தகும்.

பனங்கிழங்கை அவியாது பச்சையாகவே பிளந்து வெயிலில் உலர்த்தினால் ஒடியலாகும். அதனை மாவாக்கி, நீரில் ஊறவிட்டு, மேல்நீரை வடித்துவிடக் கசப்பு நீங்கும். பானையில் நீர் கொதிக்கையில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயிற்றங்காய் என்பன இடுவர். பின்னர் மீன், நண்டு, இறால். அவை வெந்தபின் கரைத்த மாவும், அரைத்த செத்தல் மிளகாயும், பழப்புளியும் சேரும். இவற்றை ஓராளுக்கென அளந்திடுவது எங்ஙனம்? நண்டில் ஒரு காலும் பயிற்றங்காயில் ஒரு துண்டுமா? பானை பெரிதாகவே வேண்டும். பானை பெரிதாயின் குடிப்பதற்கு ஆட்களும் வேண்டும். முற்றத்திற் கூடியிருந்து பனையோலைப் பிளாவில் வாங்கிச் சுடச்சுடக் குடிப்பதே பழைய முறை.

1983ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் பாரிஸ் நகரை அடைந்த இளைஞர் பலர் உணவகங்களிற் கோப்பை கழுவினர். ஓரறையிற் பலர் குடியிருந்தனர். ஒருவர் வேலைக்குப் புறப்படும் வேளையில் மற்றவர் உறங்கச் செல்வர். ஒரே கூரையின்கீழ் இருந்தும் ஒன்றாய் உண்ணுதல் அரிதாயிற்று. ஓய்வுநாள் ஒத்து வந்தபோது கூழ்ப்பானை அடுப்பேறியது. மா ஊரிலிருந்து வருவோரின் பெட்டியில் வந்தது. பிளாவுக்குப் பதிலாகக் கோப்பிக் கோப்பை. ஊரில் அடுக்களைப் பக்கம் எட்டியும் பாராதவர்கள், மா கட்டிபடாமற் கரைப்பது எவ்வாறென்று ஒருவரையொருவர் வினவினர்.

இவ்விடத்து ஓர் உண்மையை மறைத்தல் முறையன்று. யார் வீட்டுப் பானையில் யார் வாய்வைப்பது என்னும் வரம்பு நமது ஊர்களில் இறுக்கமாகவே இருந்தது. பாரிஸ் அறையிலோ பானை ஒன்று, அகப்பை ஒன்று. தீவாரும், வடமராட்சியாரும், ஊரில் ஒரே பந்தியில் அமர்ந்தறியாதோரும் அதனைச் சூழ்ந்திருந்தனர். அவ்வரம்பு அங்கே முற்றாக ஒழிந்ததென்று கூறுவதற்கில்லை. கலியாணப் பேச்செழுந்தால் அது மீண்டும் தலைகாட்டுகின்றது. ஆயினும் கூழ்ப்பானையின் அருகில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. இது சிறிய செய்தியன்று.

இன்று பாரிஸின் லா சப்பல் பகுதித் தமிழ்க் கடைகளில் ஒடியல் மா பொதியாகவே கிடைக்கின்றது. கனடாவின் ரொறன்ரோவிலோ, ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோடைகாலத்திற் பூங்காக்களில் ஒன்றுகூடும்போது கூழ் காய்ச்சுகின்றன. அங்கு பிறந்த பிள்ளைகள் சிலர் உறைப்புக்கு அஞ்சி நண்டுக்காலை மாத்திரம் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடுகின்றனர். பெரியவர்கள் இரண்டாங் கோப்பைக்கு வரிசையில் நிற்கின்றனர்.