அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கீரைப் பாத்தி

(சிம்பாங் பூலாயில் மாதர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்தச் சிம்பாங் பூலாயிலிருந்துதான் கேமரன் மலைக்குப் பாதை பிரிகிறது. காய்கறி ஏற்றிய லாரிகள் நம் கண்முன்னே இறங்கிச் செல்கின்றன. ஆயினும் மழையால் மலைப்பயிர் சேதமுற்றால் விலையேற்றம் நம் அடுக்களையையும் தாக்குகிறது. லயத்து வீட்டின் பின்புறம் ஒரு பாத்தி இருந்த காலத்தில் இது பெரிதாகத் தோன்றவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தோருக்கோ கீரை விதைக்கச் சாண் மண்ணும் இல்லை.

அவர்களும் வளர்க்கக்கூடியது இளந்தளிர்க் கீரை. மைக்ரோகிரீன்ஸ் என்று பெரிய கடைகளில் விலையுயர்ந்து விற்பதும் இதுவே. ஈப்போவின் புகழ்பெற்ற தவுகே இருட்டில் வளரும் முளை. அதை வேரோடு உண்கிறோம். இளந்தளிரோ வெளிச்சம் கண்டு பச்சை பிடித்தது. வேரை விட்டுத் தண்டையும் இலையையும் மட்டும் நறுக்கி எடுக்கிறோம். மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்த்த நம் பெண்களுக்கு இதில் பாதி வேலை முன்பே தெரியும். முளைப்பாரியை இருட்டில் வைத்து மஞ்சளாக வளர்ப்பார்கள். இதைச் சன்னலோரம் வைக்க வேண்டும், அவ்வளவே.

வெந்தயத்தில் தொடங்குங்கள். இரண்டு மேசைக்கரண்டி வெந்தயத்தைக் கழுவி இரவு முழுவதும் ஊறவையுங்கள். கடையில் சாப்பாடு கட்டித் தரும் பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் துளையிட்டு, இரண்டு விரற்கடை உயரம் தேங்காய் நார்த்தூளோ சுத்தமான மண்ணோ நிரப்பி, விதையை நெருக்கமாகப் பரப்புங்கள். முளைக்கும்வரை மூடிவைத்து, பிறகு வெளிச்சத்திற்குக் கொண்டுவாருங்கள். ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாளில் கத்தரிக்கோலால் நறுக்கலாம். கடுகும் இவ்வாறே வளரும். கொத்தமல்லியை இரண்டாக உடைத்து விதையுங்கள். அதற்குப் பொறுமை வேண்டும், இரண்டு வாரத்திற்கு மேலாகும். என் முதல் பெட்டி பூஞ்சணம் பூத்து வீணாயிற்று. பாசத்தில் வேளைக்கு வேளை நீர் ஊற்றியதே காரணம். கையால் தொட்டு ஈரம் குறைந்திருந்தால் மட்டும் தெளியுங்கள்.

இதன் சத்தைப் பற்றி மிகைப்படுத்திப் பேசுவோர் உண்டு. 2012-இல் அமெரிக்காவில் 25 வகை இளந்தளிர்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றில் முதிர்ந்த இலையைவிட வைட்டமின்கள் செறிந்திருந்தன. உண்மைதான். ஆனால் நாம் உண்பது ஒரு கைப்பிடி. ஆகவே இது கீரைக் குழம்புக்கு மாற்றன்று. கீரை வாங்க இயலாத நாளில் பருப்புக்குத் துணை.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். 2011-இல் ஜெர்மனியில் கொடிய கிருமியொன்று பரவி ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றனர். 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பச்சையாக உண்ட வெந்தய முளையே காரணமென ஆய்வாளர் முடிவுக்கு வந்தனர். கிருமி விதையிலேயே ஒட்டியிருக்கக்கூடும். முளைக்கத் தேவையான ஈரமும் வெப்பமும் அதையும் பெருக்கும். முளையைவிட இளந்தளிரில் ஆபத்து குறைவு என்றாலும், நம் வீட்டில் சமைத்தே உண்போம். குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர் ஆகியோருக்குப் பச்சையாகத் தரவே வேண்டாம். விதைக்கடையில் மருந்து தடவி விற்கும் விதை கூடாது. மளிகைக்கடை விதையே போதும். தக்காளி, கத்தரி நாற்றுகளை உண்ணக்கூடாது. அவற்றில் நச்சுப்பொருள் உண்டு.

சமையல் எளிது. வெந்து மசிந்த பாசிப்பருப்பில் வெந்தயத் தளிரைச் சேர்த்து, இரண்டு நிமிடம் நன்கு கொதிக்கவிட்டு, வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டுங்கள். கசப்பு பருப்பில் அடங்கிவிடும். கடுகுத் தளிர் காரமுள்ளது. நெத்திலியோடு வதக்கினால் சோற்றுக்கு இன்னொரு கறி வேண்டாம். ஒரு பெட்டி விதைத்த நான்காம் நாளில் அடுத்த பெட்டிக்கு விதை ஊறப்போட்டால், முதற்பெட்டி தீர்ந்த சில நாளில் இரண்டாவது தயாராகும். அறுத்தபின் நிற்கும் வேரையும் மண்ணையும் எறியாமல், வெயிலில் உலர்த்திக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு இடுங்கள்.