சுழியோடியின் கருவிகள்

மன்னார்க் கடலில் முத்துக் குளித்தோரின் கருவிகள் மிகச் சில. விரைந்து ஆழம் செல்ல ஒரு கல். சிப்பி சேர்க்க ஒரு கூடை. மேலே வருதற்குக் கயிறு. அக்கயிற்றைப் பிடித்தபடி தோணியில் ஒருவர் நின்றார். இறங்க உதவும் பொருளிலும் ஏற உதவும் பொருளே முதன்மையானது.

இன்று மூச்சடக்கிச் சுழியோட விழையும் இளைஞர் பலர் முதலில் நாடுவது மீனெய்யும் ஈட்டித் துப்பாக்கியை. இலங்கையிலோ அதனால் மீன் பிடித்தல் சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது. சட்டம் இடந்தரும் நாடுகளிலும் அது கடைசியாகவே வாங்கத்தக்கது.

முதலில் வேண்டுவது முகக்கண்ணாடி. அது மூக்கையும் உள்ளடக்க வேண்டும். 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்திலுள்ளதைப் போல் இரு மடங்காகும். மூக்கால் சிறிது காற்றை விட்டு அதனைச் சமன் செய்யாவிடிற் கண்ணிற் குருதி கசியக்கூடும். ஆதலின் நீச்சற்குளக் கண்ணாடி இதற்கு உதவாது. வாரைப் பூட்டாது முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்தால், விழாது ஒட்டி நிற்பதே பொருத்தமானது. விலை அதற்கு அளவுகோலன்று.

காற்றுடுப்புகள் காலைக் கடியாமலும் கழலாமலும் இருத்தல் வேண்டும். மிக விறைத்தவை புதியவரின் காலை விரைவில் தளர்த்திவிடும்.

ஈயக் கச்சையின் பூட்டு, ஒரு கையால் ஒரே இழுப்பிற் கழல வேண்டும். மூச்சை வெளிவிட்ட பின்னும் நீர்மட்டத்தில் மிதக்கும் அளவுக்கே ஈயம் கட்டுதல் நன்று.

இறங்குமுன் பலமுறை வேகமாக மூச்சிழுத்து விடுவோர், முன்னறிகுறி எதுவுமின்றி நினைவிழப்பதுண்டு. அவ்வேளை கச்சையைக் கழற்றக் கை எழாது. எனவே ஒருவர் இறங்க, மற்றவர் மேலிருந்து காத்தல் வேண்டும். அன்று தோணியிற் கயிறு பிடித்தவரின் இடம் அது. அத்துணைவர் கிடையாத நாளிற் கருவிகள் கரையிலேயே இருக்கட்டும்.