மின்னஞ்சல் எங்கே கிடக்கிறது?

(பழைய மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்கு முன்னால் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சாம்பார் வாசனை இங்கே மேடை வரைக்கும் வந்துவிட்டது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு வந்த மின்னஞ்சல் எங்கே இருக்கிறது? கேட்டால், "இன்பாக்ஸில் இருக்கு சார்" என்பீர்கள். இன்பாக்ஸ் என்பது திரையில் தெரியும் பெயர்தான். அதற்குப் பின்னால் ஏதோ ஒரு வட்டில், ஏதோ ஒரு கோப்பில் அந்தக் கடிதம் கிடக்கிறது. அது எந்தக் கோப்பு, எந்த வடிவில் என்பதைப் பொறுத்துத்தான் இருபது வருஷம் கழித்து அது கிடைக்குமா கிடைக்காதா என்பது.

1971-இல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர், ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொன்றுக்கு முதன்முதலில் கடிதம் அனுப்பிப் பார்த்தார். அந்த நாளில் அஞ்சல் பெட்டி என்பது வெறும் ஒரு கோப்பு. அதற்கு ஒரே ஒரு விசேஷம்: மற்றவர்கள் அதன் கடைசியில் எழுதிச் சேர்க்கலாம், படிக்கவோ திருத்தவோ முடியாது.

நம் ஊர்க் கல்யாணத்தில் மொய் நோட்டு பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? வருகிறவர் பெயரைக் கடைசி வரிக்குக் கீழே எழுதிக்கொண்டே போவார்கள். யுனிக்ஸ் கணிப்பொறிகளில் வந்த 'எம்பாக்ஸ்' முறையும் அதேதான். ஒரு ஃபோல்டருக்கு ஒரே நீளக் கோப்பு. ஒவ்வொரு கடிதமும் 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கும் ஒரு வரியோடு ஆரம்பிக்கும். கடிதத்துக்குள்ளேயே யாராவது அதே சொல்லில் ஒரு வரியைத் தொடங்கினால்? புதுக் கடிதம் என்று மென்பொருள் ஏமாந்துவிடும். அதனால் அந்த வரிக்கு முன்னால் ஒரு அம்புக்குறியைப் போட்டுவைக்கும். பழைய கடிதங்களில் சம்பந்தமில்லாமல் நிற்கும் அம்புக்குறிக்கு இதுதான் காரணம்.

இப்போது, ஒரு கடிதத்தை அழிக்கிறீர்கள். என்ன நடக்கிறது? மொய் நோட்டில் ஒரு பெயரை அடித்துவிடுகிற மாதிரி ஒரு குறி விழுகிறது, அவ்வளவுதான். எழுத்து அப்படியே இருக்கிறது. தண்டர்பேர்டில் 'காம்பேக்ட்' என்று ஒரு கட்டளை உண்டே, அதைக் கொடுத்தால்தான் அடிக்காத பெயர்களை மட்டும் புது நோட்டில் பெயர்த்தெழுதிவிட்டுப் பழையதைத் தூக்கிப் போடும். இன்னொரு விஷயம். பெரிய நோட்டில் தேட நேரமாகும் என்பதால் பக்கத்தில் ஒரு சிறு அட்டவணைக் கோப்பு வைத்துக்கொள்கிறது. நீங்கள் திரையில் பார்க்கும் பட்டியல் அந்த அட்டவணைதான். அது கெட்டுவிட்டால் "ஐயோ, கடிதமெல்லாம் போச்சே" என்று அலறுவோம். பெரிய கோப்பு பத்திரமாக இருக்கும். முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த எம்.எஸ்.எஃப். அட்டவணையை நீக்கினால், அடுத்த முறை திறக்கும்போது அதுவே புதிதாக எழுதிக்கொள்ளும்.

நம் சங்கத்தின் கதைக்கு வருகிறேன். இந்த மலருக்காகப் பழைய கடிதப் போக்குவரத்தைத் தேடச் சொன்னார்கள். 2003-லிருந்து 2007 வரை செயலாளர் வீட்டுக் கணிப்பொறியில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ். அன்றைக்கு வழக்கமான பாப் முறையில், கடிதத்தைச் சேவையகத்திலிருந்து இறக்கியதும் அங்கிருந்து அழித்துவிடும். ஆக, உலகத்திலேயே ஒரே பிரதி அந்த வீட்டு வட்டில்தான். அதுவும் கண்ணுக்கே தெரியாமல் மறைத்து வைத்த ஒரு ஃபோல்டருக்குள், ஐந்தாறு படி கீழே. 2007-இல் வைரஸ் தொல்லை என்று ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போயிற்று. "எல்லாம் காப்பி எடுத்தாச்சு சார்" என்றார் கடைக்காரர். மை டாகுமெண்ட்ஸை மட்டும் எடுத்திருந்தார். உதவித்தொகைக்கு யார் யார் என்ன தருவதாக எழுதினார்கள் என்ற நாலு வருஷக் கடிதங்கள் அன்றோடு போயின.

ஆனால் அதற்கு முந்தைய கடிதங்கள், 1999-லிருந்து 2003 வரை வந்தவை, ஒரு சிடியில் கிடைத்தன. அவர் அப்போது பயன்படுத்தியது யூடோரா. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் 1988-இல் எழுதிய மென்பொருள். அது நின்றுபோய் வெகுகாலமாகிறது. இருந்தாலென்ன? அதன் கோப்பும் மொய் நோட்டு ஜாதிதான், சாதாரண எழுத்து. நோட்பேடில் திறந்தேன், படிக்க முடிந்தது. இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மூத்தவர்கள் சிலரின் முகவரி அதிலிருந்து எடுத்ததுதான். இரண்டு மூன்று கடிதங்கள் கன்னாபின்னாவென்று தெரிந்தன. அவை அந்நாளைய திஸ்கி எழுத்துருவில் தமிழில் எழுதியவை. யூனிகோடுக்கு மாற்றியதும் நல்ல தமிழ் வந்தது.

ஒரு குறை. படங்கள் எழுத்தாக மாறித்தான் பயணம் செய்கின்றன. மூன்று பைட் நான்கு எழுத்தாகிறது, அதனால்தான் 3 எம்பி படம் 4 எம்பி ஆகிறது. பெரும்பாலான மென்பொருள்கள் அதைக் கடிதத்தோடேயே சேமிக்கும். யூடோரா மட்டும் பிரித்தெடுத்து 'அட்டாச்' என்ற தனி ஃபோல்டரில் போட்டு, கடிதத்தில் அதன் விலாசத்தை மட்டும் எழுதி வைக்கும். சிடியில் இடம் போதவில்லையாம், அந்த ஃபோல்டர் ஏறவில்லை.

தம்பிமார் கேட்கலாம்: "எங்களுக்கு எல்லாம் ஜிமெயில் தானே?" சரி. ஐமேப் முறையில் மூலப்பிரதி சேவையகத்தில் இருக்கிறது. உங்கள் கணிப்பொறியில் இருப்பது பார்வைப் பிரதி. அங்கே அழித்தால் இங்கேயும் போகும். கல்லூரியில் கொடுத்த முகவரி என்றால், படிப்பு முடிந்தபின் எத்தனை நாள் திறந்திருக்கும் என்று அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜிமெயிலிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ள 'டேக்அவுட்' என்ற வசதி இருக்கிறது. அது என்ன வடிவில் தருகிறது தெரியுமா? அதே எம்பாக்ஸ், நம்ம மொய் நோட்டு!

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1974-இல் வெளியேறியவர்கள் நம் மரத்தடியில் எடுத்த குரூப் ஃபோட்டோ ஒன்றை ஒருவர் 2001-இல் அனுப்பியிருக்கிறார். கடிதம் இருக்கிறது, படத்தின் விலாசம் இருக்கிறது, படம் இல்லை. யார் வீட்டிலாவது அச்சுப்படம் இருந்தால் சொல்லுங்கள். மதியம் மூன்று மணிக்கு நூலகத்தில் ஸ்கேனரோடு உட்கார்ந்திருப்பேன்.