கோடை இடிமழையும் முன்னறிவிப்பின் பொருளும்



பங்குனி முதல் வைகாசி வரை நமது புதுக்கோட்டை ஜில்லாவில் பிற்பகலில் எழும் இடிமழையைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். அம்மழை சில நாழிகையில் ஓய்ந்துவிடும். ஆயினும் அதனுடன் வரும் சூறைக்காற்று ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்து வாழைகளை முறித்துவிடும். மின்னலோ மனிதரையும் கால்நடையையும் கொல்லவல்லது.

இஃது உண்டாகும் விதம் யாதெனில், காலை முதல் வெயிலால் தரை காய்ந்து, அதன்மேலுள்ள காற்று இலேசாகி மேலெழுகிறது. பிற்பகலில் மணமேல்குடிக் கரை வழியாக ஈரமுள்ள கடற்காற்று உள்ளே புகுகிறது. அது உள்நாட்டின் உலர்ந்த வெப்பக்காற்றைச் சந்திக்குமிடத்தில் உயர எழும்பிக் கருமேகமாகத் திரளுகிறது.

இத்தகைய மேகம் சில கிலோமீட்டர் அகலமே உடையது. ஒரு மணி நேரத்திற்குள் தோன்றி அழிவதும் உண்டு. ஆகையால் எந்தக் கிராமத்தில் பெய்யும் என்று முன்தினமே உரைத்தல் இயலாது. சென்னை வானிலை மையம் “ஓரிரு இடங்களில்” இடிமழை என்று அறிவித்தால், அப்பிரதேசத்து மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25-க்கு மேற்படாதவற்றில் மழை பதிவாகும் என்பதே பொருள். விராலிமலையில் பெய்து அறந்தாங்கியில் பெய்யாவிடினும் அறிவிப்பு பொய்த்ததாகாது. “நேற்று நம்மூரில் ஒரு துளியும் விழவில்லையே” என்று இன்றைய எச்சரிக்கையைத் தள்ளுகிறவரே அபாயத்திற்கு உள்ளாகிறார்.

காலை அறிவிப்பைக் கொண்டு அன்றைய வேலையை வகுத்துக்கொள்ளலாம். பின்னர், காரைக்கால் முதலிய இடங்களிலுள்ள ரேடார்களின் துணையால், அடுத்த 3 மணி நேரத்திற்கான எச்சரிக்கை ஜில்லாவாரியாக வெளியாகிறது. அதனைக் கைபேசியிலேயே அறியலாம். ‘தாமினி’ என்னும் செயலி அருகில் விழும் மின்னலையும் தெரிவிக்கும்.

கடைசி அரைமணிக்கு நமது கண்ணும் காதுமே கருவிகள். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். 30 விநாடிக்குள் இடி கேட்டால், மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. உடனே நல்ல கட்டிடத்திற்குள் செல்லுங்கள். பனை, புளி முதலிய மரங்களின் அடியில் ஒதுங்கலாகாது; கண்மாயில் நிற்றலும் ஆகாது. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிந்த பின்னரே வயலுக்குத் திரும்புங்கள்.

நிலமுடையோருக்கு ஒரு விண்ணப்பம். கடலை பறிக்கக் கூலிக்கு வந்தோர் தாமாக வேலையை நிறுத்தத் தயங்குவர். ஆதலின் முதல் இடி கேட்டதும் நீங்களே அவர்களைக் கரையேறச் சொல்லுங்கள். அந்நேரத்திற்குரிய கூலியைப் பிடித்தம் செய்யாதீர்கள். எச்சரிக்கை பலன் தருவது அப்பொழுதுதான்.